உப்பு குடித்த மீன்தொட்டி

எக்ஸ்ரேக்காரியின் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்த பதினோராம் நாள், அந்த வீட்டிலிருந்த உப்பு முழுவதும் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. முதலில் அடுப்படி டப்பாவில் இருந்தது போனது, அடுத்து ஊறுகாயில் இருந்தது, கடைசியாக வீட்டாரின் வியர்வையில் இருந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடி ஏறி இறங்கி வந்தவனின் சட்டையை முகர்ந்தால் குழாய்த் தண்ணீர் வாசனைதான் அடித்தது. புதிதாக வாங்கிய உப்பு பாக்கெட்டுகளும் வாசலைத் தாண்டியதும் காலியாகவே, இரண்டு மளிகைக் கடை மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்குவதையே விட்டுவிட்டார்கள். எவ்வளவு குடித்தாலும் தொட்டியில் உப்பளக்கும் முள் சரியான கோட்டிலேயே நின்றது.

பதினேழு வருடம் கப்பி மீனும் தங்கமீனும் வளர்த்தவன் மெக்கானிக். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கடல் ஆசையைக் கிளப்பிவிட்டவன் மாடிவீட்டு மச்சான், அதாவது எக்ஸ்ரேக்காரியின் அண்ணன். பல்செட் செய்கிறவன். ஒன்பது வருடத்துக்கு முன் குடும்பமாக ஒரு போட்டோ எடுத்தபோது, "மாப்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்" என்று அவன் சொல்லிக்கொண்டே போனதில், பிரிண்ட் போட்டு வந்த படத்தில் மெக்கானிக்கின் முழங்கை மட்டும்தான் இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. மோட்டார் போடுவதில் தொடங்கி காய்ச்சல் விசாரிப்பது வரை எல்லாம் எக்ஸ்ரேக்காரி வழியாகவே மாடிப்படி ஏறி இறங்கியது. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, உன் புருஷன்கிட்ட சொல்லு என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதும் காலும் தேய்ந்துவிட்டன. ஒருநாள் மச்சான் படியில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னான்: "குளத்து மீனை யார் வேணா வளக்கலாம். கடல் மீனுக்கு மண்டையில கொஞ்சம் சரக்கு வேணும்." சுவர் பேசாமல் இருந்தது. மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனான்.

கடைக்காரர் நேர்மையான ஆள். "நல்ல தண்ணி மீன் நாம பண்ற தப்பை மன்னிக்கும், இது மன்னிக்காது சார். சின்னத் தொட்டி வாங்காதீங்க. ஒரு மாசம் மீனே விடக்கூடாது, தண்ணியும் கல்லும் மட்டும் இருக்கட்டும். தண்ணி வத்தினா நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்பு எங்கயும் போகாது" என்றார். உப்பு வரும் என்பதை அவர் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. மெக்கானிக் நாற்காலி போட்டு ஒரு மாதம் கல்லைப் பார்த்தான். "என்னங்க, கல்லு ஏதாவது வளந்திருக்கா?" என்று அவள் தினமும் கேட்டாள். மாதம் முடிந்து இரண்டு கோமாளி மீன்கள் வந்தன.

உப்போடு கூடவே வீட்டிலிருந்த ரோஷமும் போயிருந்தது. சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று உலகம் கேட்பது சும்மா இல்லையே. கீழ்வீட்டு உப்பு போதாமல் தொட்டி மூன்றாம் மாதம் கூரை வழியாக மாடிவீட்டு உப்பையும் இழுத்தது. மச்சான் சண்டை போட இறங்கி வந்தான். பாதிப்படியில் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோக, மீதிப்படியைச் சும்மா இறங்கி வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். "மாப்ள, அந்தச் சின்னது ஏன் சாப்பிட மாட்டேங்குது?" என்றான். "பெருசு சாப்பிடட்டும்னு காத்திருக்கு மச்சான்" என்றான் மெக்கானிக். எக்ஸ்ரேக்காரி அடுப்படிக்குள் போய் அழுதாள். கண்ணீர் வாயில் வழிந்தபோது ருசியே இல்லை.

அதன்பின் ஏழு மாதம் வீட்டில் ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. வெளியில்தான் நிலைமை வேறு. மெக்கானிக்கின் சூப்பர்வைசர் எல்லா ஞாயிற்றுக்கிழமை டியூட்டியையும் அவன் தலையில் கட்டினார். அவன் நன்றி சொன்னான். பக்கத்துவீட்டுக்காரர் தன் வண்டியை இவர்கள் வாசலிலேயே நிறுத்த, இவர்கள் ஜன்னல் வழியாக இறங்கப் பழகிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வலது முட்டிக்குப் பதில் இடது முட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழியை எக்ஸ்ரேக்காரி மேல் போட்டு மெமோ அனுப்பினார். "டைப் ரொம்ப சுத்தமா இருக்கு டாக்டர்" என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கேன்டீனில் நர்ஸ் ஒருத்தி உப்புக்கடலை நீட்டினாள். வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு வருகிற எக்ஸ்ரேக்காரிக்கு அதுதான் பத்து மாதத்தில் முதல் உப்பு. இரண்டாம் பிடியில் பிடரி சூடானது. ஐந்தாம் பிடியில் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள்.

"நீங்க எழுதினது இடது முட்டி, டாக்டர்."

"அதான் மெமோல கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா."

"போட்டேன். நேத்து நான் உப்பு சாப்பிடல. இன்னைக்குச் சாப்பிட்டிருக்கேன். சீட்டை எடுங்க."

டாக்டர் சீட்டை எடுத்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், மெமோவை நாலாகக் கிழித்தார்.

தொட்டியைத் தெருவில் தூக்கி வைத்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வீடு வந்தாள். உள்ளே கணவனும் அண்ணனும் ஆளுக்கொரு கையைத் தோள்வரை தொட்டிக்குள் விட்டுக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கை யாருடையது என்பதில் குழப்பம் வந்து இருவரும் சிரித்தார்கள். பைக்குள் மிச்சமிருந்த கடலையிலிருந்து உப்பு கிளம்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்தது தன் வயிற்றில் இருப்பதுதான். அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

"தொட்டி இருக்கட்டும்" என்றாள். "ஆனா திங்கக்கிழமை ரெண்டு பாக்கெட் சிப்ஸ் தின்னுட்டுத்தான் நீங்க சூப்பர்வைசரைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"தின்னா தெரியும்."

தெரிந்தது. அந்த வாரமே, மாதத்துக்கு மூன்று ஞாயிறு லீவு திரும்பக் கிடைத்தது. பக்கத்துவீட்டு வண்டிக்கு மச்சானை அனுப்பினார்கள்; தெருமுனையில் நின்று ஒரு பாக்கெட் தின்றுவிட்டுப் போனான், வண்டி நகர்ந்தது. அதன்பிறகு கீழ்வீட்டாரும் மாடிவீட்டாரும் ரோஷத்தை வெளியிலேயே சாப்பிட்டு வெளியிலேயே செலவழித்துவிட்டு வருகிறார்கள். மிச்சம் வைத்துக்கொண்டு வருகிறவர் தொட்டியருகே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மற்றவரோடு பேச வேண்டும். கோமாளி மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன.

நல்ல தண்ணீர் மீனிலிருந்து கடல் மீனுக்கு மாறலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், மெக்கானிக் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட வண்ணமீன் கடைக்காரர் இப்போதெல்லாம் தொட்டியின் அளவைக் கேட்பதில்லை. வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்றுதான் கேட்கிறார். எல்லாரும் நன்றாகப் பேசிக்கொள்கிறோம் என்று சொல்கிறவர்களுக்குக் கப்பியே போதும் என்று ஒரு ஜோடியைப் பையில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.