வாசல் மேசையில் குடி

அந்த நூலகத்தில் அவளை எல்லாரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது, பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஆனால் வாசல் மேசை என்று வந்துவிட்டால், ஊரோடு பேசுவது பூனையின் கைதான்.

மாதத்துக்கு ஒரு மேசை. ஊரில் எதைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறதோ அதைப் பற்றிய புத்தகங்களை அலமாரிகளிலிருந்து பொறுக்கி எடுத்து, உள்ளே நுழைகிறவர் கண்ணில் படாமல் தப்பவே முடியாத மாதிரி வாசலில் பரப்பி வைக்க வேண்டும். வெயில் கொளுத்திய மாதம் வெயிலைப் பற்றி. வாடகை ஏறி ஊரே புலம்பிய மாதம் வாடகையைப் பற்றி. பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று தாய்மார்கள் குறைபட்ட மாதம் அதற்கும் ஒரு மேசை போட்டாள். வந்த தாய்மார்கள் அந்த மேசையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எதைப் பற்றி மேசை என்று முடிவு செய்வது நூலகத் தலைவி. எல்லாருக்கும் மேடம். மேடத்துக்கு ஒரு வார்த்தையை முழுசாக எழுதுவது என்றாலே ஆகாது. முதல் இரண்டு எழுத்து, ஒரு புள்ளி, தீர்ந்தது வேலை. வெயிலுக்கு ‘வெயி.’ வாடகைக்கு ‘வாட.’ பூனை ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை.

மேடம் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிய அன்று கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது.

‘அடுத்த மேசை: குடி. நல்லா செய்.’

பூனை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகாத நாளில் “அவருக்கு உடம்பு சரியில்ல” என்பாள் அண்ணி. சாயங்காலம் ஏழு மணிக்கே விழுந்து கிடந்தால் “அலுப்புல தூங்குறார்” என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு வாரத்துக்கு முன்னால் அண்ணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், மாற்றுச் சான்றிதழ் கேட்கும் படிவத்தை வாங்கி வந்தாள். பேர், வகுப்பு, காரணம் எல்லாம் நிரப்பினாள். தேதியை மட்டும் விட்டுவைத்தாள்.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்,” என்றாள் பூனையிடம். “அப்புறம் தேதியைப் போட்டுட்டு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“அண்ணன்கிட்ட சொல்லலையா அண்ணி?”

“சொல்ல மாட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. நான் மிரட்டி அவர் விட்டா அது நாலு நாள் நிக்கும். அவரா ஒரு அடி எடுத்து வைக்கணும். ஒரே ஒரு அடி போதும் எனக்கு.”

ஆக, ஊருக்காகப் போட வேண்டிய மேசையைப் பூனை இந்தத் தடவை ஒரே ஒரு ஆளுக்காகப் போட்டாள். அண்ணன்தான் தினமும் ஐந்து மணிக்கு வண்டியில் வந்து அவளைக் கூட்டிப் போவான். அவள் ஜன்னல்களைச் சாத்தி முடிக்கும் வரை வாசலில்தான் நிற்பான், மேசைக்கு நேர் எதிரே. மாடியில் மருத்துவ அலமாரியில் தேடினாள், கதைப் பகுதியில் தேடினாள், வாழ்க்கை வரலாறுகளில் தேடினாள். பதினொரு புத்தகம் தேறியது. மருத்துவர் எழுதியது, குடியை விட்டவர் தானே எழுதியது, கட்டிய மனைவி எழுதியது. பழுப்புத் தாளில் ஒரு பாட்டிலை வெட்டிப் படுக்கப் போட்டு ஒட்டினாள். அதற்கு மேலே, முழ நீள எழுத்தில், குடி.

முதல் நாள் சாயங்காலம் அண்ணன் வந்தான். மேசையைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான்.

“என்ன, நீயும் கடை திறந்துட்டியா?”

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்குன்னே போட்டிருக்கியா?”

“மேடம் சொன்னாங்கண்ணே…”

“நல்லா சொன்னாங்க. இனிமே நான் கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன்.”

சொன்னபடியே மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியேதான் நின்றான். பூனைக்கு மனசு விட்டுப்போனது. யாருக்காகப் போட்டாளோ அவனையே அந்த மேசை வாசலோடு துரத்திவிட்டது. மற்றவர்களும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். தெரிந்தவன் பார்க்க அந்த மேசை முன்னால் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வியாழக்கிழமை காலை மேடம் திரும்பி வந்தார். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். அப்படியே நின்றுவிட்டார்.

“பூனை! என்னடி இது?”

“மேசை, மேடம்.”

“அது தெரியுது. பாட்டில் எதுக்கு?”

பூனை சீட்டை எடுத்துக் காட்டினாள். மேடம் தன் கையெழுத்தையே வெறித்துப் பார்த்தார்.

“நான் குடியேறினவங்களைச் சொன்னேன்டி! கடல் ஊருக்குள்ள வந்து வீடு வாசல் போய், நம்ம பழைய மில்லுல வந்து தங்கியிருக்காங்களே, அந்தக் குடும்பங்களை! ஊர்ல பாதிப் பேர் அவங்களைத்தானே இன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்காங்க? சனிக்கிழமை மூணு மணிக்கு அவங்களையே வரச் சொல்லியிருக்கேன், மேசையைத் திறந்து வைக்க!” மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? நம்மளைக் குடிகாரங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டாங்களான்னு நினைக்க மாட்டாங்க?”

“புள்ளிதான் இருந்துச்சு மேடம். குடின்னா…”

“குடின்னா குடிநீர் இருக்கு, குடிசை இருக்கு, குடிமக்கள் இருக்கு. உனக்கு மட்டும் ஏன் நேரா பாட்டில் ஞாபகம் வந்துச்சு?”

பூனை தரையைப் பார்த்தாள்.

“சரி விடு, எம் புள்ளிமேலயும் தப்பு இருக்கு,” என்று மேடம் இறங்கி வந்தார். “இதெல்லாம் எடுத்து மாடியில வெச்சிரு. எப்படியும் பத்து நாள்ல ஒரு புத்தகம்கூட வெளிய போகல. பதிவேடு காலியா இருக்கே.”

அது உண்மைதான். பதிவேட்டில் ஒரு வரி இல்லை. பூனை பதினொன்றையும் அடுக்கிக் கையில் எடுத்தாள். மாடிப்படி வரை போனாள். புத்தகம் மாடிக்குப் போனால் படிக்கிறவர் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வாய் வருகிற ஆளுக்கு இந்தப் புத்தகமே வேண்டியிருக்காது. திரும்பி வந்தாள்.

“மேடம், இதை யாரோ படிக்கிறாங்க.”

“யாரு? பதிவு இல்லையே.”

“காலையில உயர வரிசைப்படி நான் அடுக்கறேன். சாயங்காலம் வரிசை மாறியிருக்கு. நேத்து ஒண்ணு சமையல் அலமாரியில, பெரிய புத்தகத்துக்குள்ள செருகியிருந்துச்சு. முந்தாநாள் ஒண்ணு பத்திரிகைக்கு அடியில. எடுத்து மறைச்சு வெச்சுப் படிச்சிட்டுப் போறாங்க. கவுண்டருக்குக் கொண்டுவந்தா பேர் எழுதணும்ல?”

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பூனை ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

“யாருன்னு தெரியுமா?”

“தெரியாது மேடம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே இந்தப் பாடு படுறாங்க.”

“உனக்கேன் இவ்வளவு அக்கறை?”

பூனை புத்தகங்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுல இருக்கு, மேடம்.”

மேடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய், அலமாரிகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“வாசல் வேண்டாம்,” என்றார். “வாசல் விருந்தாளிகளுக்கு. நீ இதைக் கடைசியில தண்ணிக் குழாய் பக்கம் வை. அங்க யாரு நின்னாலும் எதுக்கு நிக்கிறேன்னு யாரும் கேட்க மாட்டாங்க. பதிவும் வேண்டாம். போற புத்தகம் போகட்டும்.” பின்னால் திரும்பிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: “எழுத்தெல்லாம் ஒட்டாதே. ஏற்கெனவே அங்க ஒரு போர்டு இருக்கு.”

இருந்தது. கடைசி அலமாரிக்குப் பின்னால், ஜன்னலோரத்தில், குழாய்க்கு மேலே நீலப் பலகையில் ‘குடிநீர்’ என்று எழுதியிருந்தது. பூனை அதன் கீழே ஒரு சின்னத் தட்டுப் பலகையை வைத்து, பதினொன்றையும் முதுகு தெரிய அடுக்கினாள்.

வாசல் மேசைக்கு மீதி இருந்தது இரண்டே நாள். புதிதாக எழுத்து வெட்ட நேரமில்லை. முழ நீளக் குடியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ‘யேறியவர்கள்’ என்று வெட்டி ஒட்டினாள். ஏற்கெனவே படுத்துக் கிடந்த பாட்டிலின் முதுகில் ஒரு குச்சியை நட்டு, தாளில் பாய் கட்டினாள். படகாகிவிட்டது. மேடம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மில்லிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். அவர்களுக்கு மூத்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்தபடியே வந்திருந்தார். மேசையில் கடலைப் பற்றி, கரை அரிப்பதைப் பற்றி, ஊர் விட்டு ஊர் போனவர்களைப் பற்றி எல்லாம் புத்தகம் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“எங்களைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்காங்களா? எங்களுக்கே தெரியாம போச்சே,” என்றார். அப்புறம் படகைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். “நானும் எத்தனையோ படகுக்குப் பாய் தெச்சிருக்கேன். இந்தப் படகுக்கு மட்டும் கழுத்து கொஞ்சம் நீளமா இருக்கேம்மா?”

“புது மாதிரிங்க,” என்றார் மேடம் அவசரமாக.

பேச்சு, தேநீர், மறுபடி பேச்சு என்று ஐந்து மணி தாண்டிவிட்டது. எல்லாரும் போன பிறகு நாற்பது நாற்காலிகளைப் பின்னறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தையல்காரர் இரண்டு இரண்டாகத் தூக்கினார். மூன்றாவது நடையில் மூச்சு வாங்கியது. வாசலுக்குப் போய், கேட்டருகே வண்டியில் சாய்ந்து நின்ற அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார்.

“தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க? ஒரு கை குடுங்களேன்.”

வயதானவர் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது? அண்ணன் உள்ளே வந்தான். மேசைமேல் படகைப் பார்த்ததும் தோள் கொஞ்சம் தளர்ந்தது. நாற்காலிகளை ஐந்தைந்தாக அடுக்கித் தூக்க ஆரம்பித்தான். லிஃப்ட் கயிறு இழுத்துப் பழகிய கை. பத்து நிமிஷத்தில் கூடம் காலி. தையல்காரர் அவன் முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “தண்ணி எங்க இருக்கு?”

பூனை கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

அவன் அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்தான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பூனை முதல் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டாவதைச் சாத்தினாள். மூன்றாவதன் கொக்கியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“இங்க வாயேன்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போனாள். குடியை விட்டவர் எழுதிய புத்தகம் அவன் கையில் விரிந்திருந்தது.

“இதுக்குள்ள ஒரு பஸ் டிக்கெட் இருக்கு.”

“யாராவது அடையாளத்துக்கு வெச்சிருப்பாங்கண்ணே.”

“இங்கயே நின்னா படிக்கிறான்?”

“ஆமா. தினம் கொஞ்சம் கொஞ்சமா.”

அண்ணன் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான். பக்கங்களை விரலால் அளந்தான். “பாதி தாண்டிட்டான்,” என்றான், தனக்குள் பேசுகிற மாதிரி.

“வேணும்னா எடுத்துட்டுப் போண்ணே. பேர் எழுத வேண்டாம்.”

“எடுத்துட்டுப் போனா நாளைக்கு அவன் வந்து தேடுவான்ல?” டிக்கெட்டை இருந்த பக்கத்திலேயே பத்திரமாக வைத்தான். “இன்னும் எவ்வளவு நேரம் திறந்து வெச்சிருப்பே?”

“ஜன்னல் நிறைய இருக்கு. சாத்தணும்.”

“மெதுவா சாத்து.”

முதல் பக்கத்துக்குத் திருப்பினான். பூனை சத்தமில்லாமல் பின்வாங்கிக் கவுண்டருக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. அண்ணி.

“ஆறாகப் போகுது. எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“லைப்ரரியிலதான் அண்ணி.”

“அவர் எங்க?”

“அண்ணன் தண்ணிகிட்ட…” என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சே நின்றுபோனது. பூனைக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. “ஐயோ, இல்ல அண்ணி! அந்தத் தண்ணி இல்ல! குழாய்த் தண்ணி! லைப்ரரியில குடிக்கிற தண்ணி!”

“அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றார்?”

“படிக்கிறார்.”

“என்ன படிக்கிறார்?”

பூனை சொன்னாள். அந்தப் பக்கம் மகள் எதற்கோ அடம் பிடிக்கும் சத்தமும், “இரு, இரு” என்று அண்ணி அதட்டுவதும் கேட்டது.

“நீ எடுத்துக் குடுத்தியா?”

“இல்ல அண்ணி. அவரா எடுத்தார்.”

“எத்தனாவது பக்கம்?”

பூனை ரிசீவரைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பூனை நடையில் போய் அலமாரி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மூணு.”

“மூணா,” என்றாள் அண்ணி. குரல் லேசாக உடைந்து, உடனே சரியாகிவிட்டது. “சரி. அவசரப்படுத்தாதே. சாப்பாட்டை நான் சூடு பண்ணிக்கிறேன். நீங்க மெதுவா வாங்க.”