அக்காவுக்குத் தூக்கம் வந்த இயல்

விலங்கியல் துறையில் அவளுக்குக் காக்கா என்றுதான் பெயர். நகரத்துக் காகங்கள் குச்சியை விட்டுவிட்டுக் கம்பியில் கூடு கட்டுவது ஏன் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மரம் ஏறி, மொட்டை மாடி ஏறித் தகவல் சேர்த்தபோது இருந்த தெம்பு, ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் போய்விட்டது. முன்னுரையின் முதல் பத்தியை எழுதுவதும் அழிப்பதுமாகவே ஒரு வருடம் ஓடிற்று. நெறியாளர் எதிரே வந்தால் கழிப்பறைக்குள் நுழைந்துகொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் பல் மருத்துவரான அக்கா காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சும்மா படுத்துக் கிடக்க முடியவில்லை.

"அப்படி என்னதான்டி எழுதுற? எனக்குச் சொல்லு."

"உனக்குப் புரியாதுக்கா."

"எனக்கே புரியலைன்னா யாருக்குடி எழுதுற? முன்னுரை கிடக்கட்டும். நீ என்ன பண்ணினே, அதைச் சொல்லு."

சொன்னாள். ஏணி வைத்து ஏறியது, கூட்டை எடை போட்டது, தாய்க்காகம் உச்சந்தலையில் கொத்தியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், நடுநடுவே "அது ஏன்?" என்று மடக்கினாள். தான் சொன்னதைச் சொன்னபடியே தங்கை அன்றன்றைக்குத் தட்டச்சு செய்தாள். பதில் வராத இடங்களை மறுநாள் தேடிப் படித்தாள். மூன்று இயல்கள் மளமளவென்று முடிந்தன.

நான்காவதுக்குத்தான் அதிகம் உழைத்திருந்தாள்: பிற ஊர்க் கூடுகளோடு ஒப்பீடு. பாதியில் குறட்டைச் சத்தம் கேட்டது.

"அக்கா, தூங்கிட்டியா?"

"இல்லடி, கண்ணை மூடிக் கேட்டுட்டிருக்கேன்."

"என்ன சொன்னேன்?"

அக்கா திருதிருவென்று விழித்தாள்.

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானே உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். யார் யாரோ, வேறு வேறு விதமாக அளந்த தகவல்கள். எந்த முடிவும் தேறவில்லை. அவளுக்கே கொட்டாவி வந்தது. இயலை அப்படியே தூக்கிவிட்டு, கடைசியாக முன்னுரையை எழுதினாள்.

"எவ்வளவு உழைப்பும்மா அது! அந்த இயலையா எடுத்துட்டே?" என்றார் நெறியாளர்.

"ஆமா சார்" என்றாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பற்றியே கேட்டார்: "மத்த ஊர்களோட ஒப்பிடலையா?"

"ஒப்பிட்டேன் சார். ஒண்ணும் நிக்கலை. எடுத்துட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பட்டம் கிடைத்த சேதியைச் சொல்லப் போன் செய்தாள். அக்கா கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். "நல்லதுடி. ஒருத்தர் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கார், சாயங்காலம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் அக்கா பேசியது முழுக்கத் தன் மகனின் காய்ச்சலைப் பற்றித்தான்.