உள்ளிருந்து திறக்கும் வலை

எங்கள் தொழில் கொசுவலை. கட்டிலுக்குக் கட்டுவது இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து, அலுமினியச் சட்டம் அடித்து, வலையை இழுத்து மாட்டுவது. என் வீட்டுக்காரர் அளவெடுப்பார், நான் வெட்டுவேன். அவர் அளந்ததை நான் இன்னொரு தரம் அளந்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இந்த வேலைக்கு ஒரே விதிதான். வெளியே இருக்கிற கொசு உள்ளே வரக் கூடாது. உள்ளே இருக்கிற மனுஷன் விரலால் தள்ளினாலே வலை திறந்துகொள்ள வேண்டும். நெருப்பு கிருப்பு பிடித்தால் ஓட வேண்டாமா? அந்த விதி கையில் ஊறிப்போனதால்தான் அன்றைக்கு எங்கள் மானம் கப்பலேறப் பார்த்தது.

எங்களோடு இருக்கும் என் கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஒரு நர்ஸ் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கிறவரை அவள் பயப்படாமல் இருக்க வெளியே நின்று பேச்சுக் கொடுத்தவன், திறந்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குக் கேட்டபோது அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியூரில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கிளம்பியவள், தன் மீன்தொட்டியை அவன் தலையில் கட்டினாள். "இதுகளைப் பாத்துக்குங்க. வந்து பதில் சொல்றேன்" என்றாள்.

உள்ளே ஏழு மீன்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வயிறு கோடாலியின் வாய்போல வளைந்திருக்கும், அதனால் கோடாலி மீன் என்றே கடையில் சொல்கிறார்கள். பார்த்தால் பரம சாது. ஆனால் சட்டென்று ஏதாவது மிரட்டிவிட்டால் தண்ணீரைவிட்டு எகிறிப் பறக்கும். தொட்டியின் கண்ணாடி மூடி எங்கள் மாடிப்படியிலேயே உடைந்தது. யார் கையிலிருந்து என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டே ஆண்கள், அதில் ஒருவன் தொட்டியைப் பிடித்திருந்தான்.

வந்த அன்றே ஒரு மீன் குதித்து, சோபாவுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. அதன் பிறகு ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடினோம். ஆறு மீனும் ஆறு மாதமும் சுகமாக ஓடின. அவள் வாராவாரம் எனக்குப் போன் செய்வாள். "மேடம், மீனெல்லாம் நல்லா இருக்கா?" நல்லா இருக்கு என்பேன். எத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மாலை அவளும் அவள் அப்பாவும் வருவதாக இருந்தது. அப்பா சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் வரும்போது அழுக்குப் பலகையையா வைப்பது? முதல் நாள் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து புது மூடி செய்தோம். வெள்ளைச் சட்டம், மெல்லிய வலை, தீனி போட நடுவில் ஒரு குட்டிக் கதவு, அது தானாக ஒட்டிக்கொள்ளக் காந்தப் பட்டை. எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

சாயங்காலம் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தில் வெள்ளியாக ஒன்று துள்ளியது. மீன். எனக்கு உயிரே போய்விட்டது. ஈரக் கையால் அள்ளித் தொட்டிக்குள் போட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நீந்தியது. மூடியைப் பார்த்தேன். மூடினது மூடினபடி இருந்தது.

"என்னங்க, மூடியத் திறந்தீங்களா?"

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்?"

"அப்ப மீன் கதவத் திறந்து, வெளிய வந்து, சாத்திட்டும் வந்துச்சா?"

"என்னையே சொல்லு. இந்த வீட்ல எது நடந்தாலும் நான்தான்."

கொழுந்தன் புது வெள்ளைச் சட்டையில் உள்ளறையிலிருந்து வந்தான். கையில் போன். "அண்ணி, பஸ்ஸுலேர்ந்து இறங்கிட்டாங்களாம். வண்டி பிடிச்சு வராங்க." சொல்லிக்கொண்டே கூடத்து விளக்கைப் போட்டான்.

வெளிச்சம் விழுந்ததுதான் தாமதம். ஒரு மீன் விருட்டென்று எழும்பியது. குட்டிக் கதவில் முட்டியது. கதவு மரியாதையாகத் திறந்து வழிவிட்டது. மீன் வெளியே வந்து விழுந்தது, காந்தம் 'டக்' என்று கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று பேரும் அதைக் கண்ணால் பார்த்தோம்.

மீன் ஷோகேசுக்கு அடியில் போய்விட்டது. அவர் குப்புறப் படுத்து இரும்பு ஸ்கேலை நுழைத்தார். கொழுந்தன் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் படுத்துக் கையை விட்டான். "இந்தப் பக்கம் தள்ளுண்ணா, இந்தப் பக்கம்" என்று அவன் கெஞ்ச, "எந்தப் பக்கம்டா இந்தப் பக்கம்" என்று இவர் கத்த, ஒருவழியாக மீன் அவன் உள்ளங்கைக்கு வந்தது. தண்ணீரில் விட்டதும் உயிர் வந்தது. எங்களுக்கும் வந்தது.

"பலகை எங்க?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அத நறுக்கித்தான் நேத்து சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தேன்."

"டேப் ஒட்டிடலாமா அண்ணி?"

"ஈரத்துல டேப் நிக்குமா? வாய மூடிட்டு இரு, யோசிக்க விடு."

யோசிக்க ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்குச் செய்கிற மாதிரியே செய்திருந்தோம்: உள்ளே இருப்பவர் தள்ளினால் திறக்கிற வலை. கொசுவையே நினைத்து நினைத்து, இங்கே தடுக்க வேண்டியது உள்ளே இருப்பவரை என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மூடியத் தலைகீழாப் போடுங்க. கதவு கீழ்ப்பக்கம் வரட்டும். மீன் முட்டினா சட்டத்தோட இன்னும் இறுகும்."

"கீழ தொங்குமே?"

"காந்தத்த ரெண்டு வரிசை போடுங்க. தொங்காது."

அவர் பட்டையை வெட்டினார், நான் அளக்காமலே வாங்கி ஒட்டினேன். அன்றைக்கு மட்டும்தான் அப்படி. கதவு தண்ணீரில் படாமல் இருக்க, கொழுந்தன் ஒரு குவளையால் மொண்டு மட்டத்தைக் குறைத்தான். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டபோது மூடியைத் திருப்பி வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு மீன் எகிறியது. முட்டியது. கதவு அசையவில்லை. மீன் திரும்பத் தண்ணீரிலேயே விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் குதித்தோம்.

அவள் செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குத்தான் போனாள். குனிந்து எண்ணினாள். கொழுந்தன் சட்டை முழுக்கத் தூசியும் ஈரமுமாக நின்றான்.

"ஆறுதான் இருக்கு" என்றான் அவனே. "ஒண்ணு வந்த அன்னிக்கே குதிச்சுடுச்சு. போன்ல சொல்லத் தைரியம் வரல."

அவள் நிமிர்ந்தாள். "ஆறு மாசத்துல ஒண்ணுதானா? நான் வாங்கினப்ப பன்னெண்டு இருந்துச்சு."

"பதினாலும்மா" என்றார் அவள் அப்பா. "ரெண்டு நான் மிதிச்சது."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அப்பா சிரிக்காமல் மூடியை ஆராய்ந்தார். மேலிருந்து விரலால் அழுத்தினார், திறந்தது. தூக்கி அடியிலிருந்து தள்ளினார், திறக்கவில்லை. "நல்ல கதவு" என்றார். "வெளிய இருக்கிறவன் திறக்கணும், உள்ள இருக்கிறவன் திறக்கக் கூடாது. சர்வீஸ் முழுக்க இந்த மாதிரி கதவோடதான் இருந்தேன். வீட்லயும் அப்படித்தான் வச்சிருந்தேன்."

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் ஜன்னல் வலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், இதுவும் அந்த மாதிரிதானா?"

"தள்ளிப் பாரேன்" என்றேன்.

ஒற்றை விரலால் தள்ளினாள். வலை திறந்தது. வெளிக்காற்று அவள் முகத்தில் அடித்தது. விரலை எடுத்ததும் 'டக்' என்று மூடியது. நம்பாதவள்போல இன்னொரு முறை தள்ளினாள்.

"எனக்கு நைட் டியூட்டி எல்லாம் வரும்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"வரட்டும். கதவு உள்ளேர்ந்து திறக்கும்" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தரீங்களா, அக்கா?"

'மேடம்' 'அக்கா' ஆனது கொழுந்தனுக்கு உறைக்கவில்லை. "வந்து பதில் சொல்றேன்னீங்களே" என்றான் பாவமாக.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். பெரிய சந்தோஷம் வந்தால் எனக்கு அப்படித்தான்.