காற்றுப் பிடித்த வண்டி

இம்முறையும் வண்டியின் செல்ஃப் மோட்டார் சுழன்றது, இன்ஜின் பிடிக்கவில்லை. அக்கா சாவியிலிருந்து கையை எடுத்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டி," என்றாள். வண்டிக்குள் வேறு யாருமில்லை. ஆனால் சலவைக்கூடத்தின் வாசலில் தங்கை நிற்கிறாள் என்பதும், ஜன்னல் இறக்கியிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பின்புறத்தில், மருத்துவமனையின் அறுவை அரங்குக்கான பச்சை விரிப்புகள் கட்டுக்கட்டாக ஏற்றப்பட்டிருந்தன. காலையின் முதல் அறுவைக்கு முன் அவை அங்கே போய்ச் சேர வேண்டும். இன்னொரு முறை பிசகினால் வேலை வேறு கூடத்துக்குப் போய்விடும் என்று மருத்துவமனையின் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவர் எதையும் உரக்கச் சொல்பவரல்லர். அதனாலேயே அதை வெறும் மிரட்டலாக அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலை போனால் மிஞ்சுவது ஒரு விடுதியின் மேசைத்துணிகளும், தெருக்காரர்களின் சட்டைகளும்தான். அவற்றை நம்பி ஒரு சலவைக்கூடத்தை நடத்த முடியாது.

சகோதரிகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதற்கும் காரணம் அந்த மேற்பார்வையாளரே. முன்பொரு முறை பச்சை விரிப்புகள் திட்டுத்திட்டாக வெளுத்துப் போய்ச் சேர்ந்தபோது, இருவரையும் எதிரே நிற்கவைத்து, "இது யார் தப்பு?" என்று கேட்டார். தங்கை ஒரே சொல்லில் பதில் சொன்னாள்: "அக்கா."

தப்பு அக்காவுடையதுதான். சமையலறைத் துணிகளுக்கான பிளீச்சிங் தொட்டியில் பச்சை விரிப்புகளைப் போட்டவள் அவளே. அதை அவள் மறுத்ததில்லை. அந்த உண்மையை ஓர் அந்நியரின் எதிரே, ஒரு மூச்சு நேரம்கூடத் தயங்காமல், கடையில் பொருளை எடுத்துக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இஸ்திரிக்காரருக்கு இரண்டு வேலை. சட்டைகளுக்குப் போடும் கஞ்சியைத் தமக்கும் போட்டுக்கொண்டவர்போல் எப்போதும் விறைப்பாக நிற்பதால் அவருக்குக் கஞ்சி என்று பெயர். துணி தேய்க்கும் நேரம் போக, இவள் சொல்வதை அவளிடமும் அவள் சொல்வதை இவளிடமும் சேர்ப்பார். இருவரும் இரண்டடி தூரத்தில் நின்றாலும் முறை மாறாது.

"கஞ்சியண்ணே," என்றாள் அக்கா, "ஃபில்டர மாட்டினவங்க ஒழுங்கா மாட்டினாங்களான்னு கேளுங்க."

அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். "ஒழுங்கா மாட்டினீங்களான்னு கேக்கறாங்க."

"எனக்குக் காது கேக்குது. கழட்டிப் போட்டுட்டு நடு வேலையில எழுந்து போனது யாருன்னு கேளுங்க."

"நடு வேலையில எழுந்து—"

"எனக்கும் கேக்குதுண்ணே."

"அப்போ நான் எதுக்கு?" என்றார் கஞ்சி.

நேற்று நடந்தது இதுதான். மேடு ஏறும்போது வண்டி திணறுவதை இருவருமே கவனித்திருந்தார்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததால் இருவரும் தனித்தனியாக ஆளுக்கொரு ஃபில்டர் வாங்கி வந்தார்கள். அக்கா முந்திக்கொண்டாள். பழையதைக் கழற்றினாள், அது உட்காரும் இடத்தை வழித்துத் துடைத்தாள், டீசல் கசியாமலிருக்கத் தன் ஃபில்டர் பெட்டியில் வந்த ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் தடவி, மேலே அதற்குரிய பள்ளத்தில் அழுத்திப் பொருத்தினாள். அந்நேரம் பார்த்து உள்ளே உலர்த்தும் இயந்திரம் புகைந்தது, ஓடினாள். திரும்பி வந்தபோது, தங்கை வாங்கிய ஃபில்டர் அங்கே மாட்டப்பட்டிருந்தது.

வளையம் ஏற்கெனவே மேலே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குக் கஞ்சியைக் கூப்பிட வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார். தங்கை மாட்டியது போதவில்லை என்பதுபோல் அக்கா ஃபில்டரை இரு கைகளாலும் பிடித்து இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டு, தன் ஃபில்டரைப் பெட்டியோடு அலமாரியில் எறிந்தாள்.

இப்போது மறுபடியும் சாவியைத் திருப்பினாள். செல்ஃபின் குரல் இறங்கியிருந்தது.

"செல்ஃப் அடிச்சே பேட்டரிய கொன்னுடுவாங்க போல," என்றாள் தங்கை, தூணைப் பார்த்து. "ஃபில்டர் மாத்தினா காத்துப் பிடிக்கும். காத்த எடுக்காம ஆயிரம் தடவ சாவிய திருப்பினாலும் ஒன்னும் ஆகாது."

அது அக்காவுக்குத் தெரியாததன்று. கோபத்தில் தோன்றாமல் போனது. தங்கை வாயால் கேட்ட பிறகு செய்ய வேண்டியதாயிற்று. அதுதான் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, பானெட்டைத் தூக்கினாள். ஃபில்டரின் தலையில் காற்று போவதற்கான திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்திலிருந்த கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கத் தொடங்கினாள். குமிழிகள் நுரைத்துக்கொண்டு வந்தன. சற்று நேரத்தில் குமிழி நின்று டீசல் மட்டும் வழிய வேண்டும். பம்பு விரலை எதிர்த்துத் தள்ள வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பம்பு ஊறிய துணியைப்போல் தொளதொளவென்று அமுங்கியது.

"கையில தெம்பு இல்லையா, இல்ல பம்பு போயிடுச்சா?" என்றாள் தங்கை, இப்போது அருகில் வந்து.

"அண்ணே, வேடிக்கை பாக்கறவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"இதுவும் என் வண்டிதான்னு சொல்லுங்கண்ணே."

கஞ்சி வானத்தைப் பார்த்தார். "வண்டிக்கு மட்டும் வாய் இருந்தா, வாய்யா, இவங்களை விட்டுட்டு நம்ம ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்னு எங்கிட்ட சொல்லும்."

அக்கா ஃபில்டரின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். மறுபடி பம்பை அமுக்கினாள். துடைத்த இடம் நனைந்தது. மீண்டும் துடைத்தாள், மீண்டும் நனைந்தது. டீசல் கசிகிற வழியில்தான் காற்றும் புகுந்துகொண்டிருந்தது. இருவரும் அந்த ஈரத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றாள் தங்கை மெதுவாக, "மேல ரப்பர் வளையம் கிடந்துச்சான்னு கேளுங்க."

"கிடக்கல. நான் போட்டேன்."

"நானும்தான் போட்டேன். என் ஃபில்டர்லயே இருந்துச்சு."

இருவரும் நேருக்கு நேர் பேசிவிட்டதைக் கஞ்சி மட்டும் கவனித்தார்.

ஃபில்டரைக் கழற்றினார்கள். வளையத்தின்மேல் வளையமாக இரண்டு, நசுங்கிப் பிதுங்கி, ஒன்றையொன்று பள்ளத்திலிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டு கிடந்தன. உலகத்தில் ஃபில்டர் மாற்றுகிறவர்களில் வளையம் போட மறந்தவர்கள் உண்டு. இருவர் தனித்தனியே அக்கறையாக ஆளுக்கொன்று போடுவது இந்தக் கூடத்தில்தான் நடக்கும்.

"பாக்கறதில்லையா?" என்றாள் அக்கா. "மாட்டறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவ பாத்தா கண்ணு போயிடுமா?"

"சொல்றதில்லையா? வளையம் போட்டாச்சுன்னு சொன்னா வாய் போயிடுமா?"

அக்கா இரண்டையும் பிய்த்தெடுத்துத் தரையில் வீசினாள். அலமாரியில் எறிந்த தன் ஃபில்டரை எடுத்துவரப் போனாள். அதன் வளையம் தரையில் கிடந்தவற்றுள் ஒன்று என்று பாதி வழியில் நினைவு வந்தது. திரும்பினாள். தங்கை அதற்குள் தன் வளையத்தை எடுத்துத் துடைத்து, நசுங்கியும் கிழியவில்லை என்று விரலால் தடவி உறுதி செய்து, ஃபில்டரோடு மாட்டிவிட்டிருந்தாள். அக்கா பம்பை அமுக்கினாள். குமிழிகள் நின்றன. பம்பு கல்லாக இறுகியது.

இனி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களிலிருந்தும் காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒருவர் செய்கிற வேலையன்று: ஒருவர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடிக்க வேண்டும், டீசல் பீறியதும் நிறுத்த, உடனே நட்டை இறுக்க வேண்டும். கஞ்சிக்கு வண்டிச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே தெரியாது. தங்கை ஏறி உட்கார்ந்தாள். அக்கா ஸ்பேனரோடு பானெட்டுக்குள் குனிந்தாள். பழக்கம் விடவில்லை, இடையில், கதவோரமாகக் கஞ்சி நின்றார்.

"அடிக்கச் சொல்லுங்க."

"அடிக்கச் சொல்றாங்க."

செல்ஃப் முனகிக்கொண்டு சுழன்றது. நட்டின் ஓரத்தில் நுரை, பிறகு துளி, பிறகு டீசல்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா?" என்றார் கஞ்சி, இரைச்சலில் காதுக்குப் பின்னால் கையை வைத்து.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"அவங்க என்னமோ—" என்று கஞ்சி ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள், அக்காவின் கையும் மார்பும் தாடையும் டீசலில் நனைந்தன. பேட்டரியின் மிச்ச உயிரும் வீணாகக் கரைந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடி," என்று அவள் கத்தினாள்.

செல்ஃப் நின்றது. பானெட்டின் இடுக்கு வழியே தங்கையின் கண்கள் தெரிந்தன. அக்கா நட்டை இறுக்கினாள். அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

"அடி." சுழன்றது. "நிறுத்து." நின்றது. "அடி." கஞ்சி ஓரடி பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

கடைசி நட்டை இறுக்கிய பின், "இப்போ விடாம அடி. அரைகுறையா விட்டே, கொன்னுடுவேன்," என்றாள் அக்கா. இன்ஜின் இருமியது, ஒரு காலால் நொண்டியது, பிறகு கரும்புகை கக்கிப் பிடித்துக்கொண்டது.

அக்கா ஓட்டுநர் கதவருகே வந்து நின்றாள். தங்கை இறங்கவில்லை. "இப்படியே நீ போய் ஆபரேஷன் துணிய தொடப்போறியா? தெருமுக்கு வரைக்கும் டீசல் நாறுது," என்றாள். அது சரியாக இருந்ததால் அக்காவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கதவைத் தட்டினாள், வண்டி போயிற்று.

வாசலைத் தாண்டியிருக்கும், தொலைபேசி ஒலித்தது. மேற்பார்வையாளர்.

"துணி இன்னும் வரல," என்றார் அமைதியாக. "இந்தத் தடவை யார் தப்பு?"

பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஒரே சொல். பாதி உண்மையும்கூட. அதை எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து ருசித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கேள்வியை, அதே குரலில், அதே நிதானத்தோடு அவர் மறுபடி கேட்டபோது, இத்தனை நாள் தங்கைமேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்காவது இவருக்குச் சேர வேண்டியது என்று பட்டது.

"துணி வந்துக்கிட்டிருக்கு, சார். முதல் ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க கையில இருக்கும். இல்லன்னா எங்க கூடத்தைக் கேளுங்க, வேலையை எடுத்துக்குங்க. ஆளைக் காட்டுன்னு மட்டும் இனிமே கேக்காதீங்க. எங்க ரெண்டு பேர்ல யாருன்னு தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

உள்ளே கஞ்சியின் தேய்ப்புப் பெட்டி நின்றுவிட்டது. "சீக்கிரம் வரட்டும்," என்று மட்டும் சொல்லி மேற்பார்வையாளர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து டீசல் வாடை போகவில்லை. வேலை போயிற்றா இருக்கிறதா என்று தெரியாமல் அவள் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தாள். ஒருவழியாக வண்டியின் சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்தாள். அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக, நாளைக்குத் துவைப்பதற்கு, வந்திருந்தன.

"நேரத்துக்குப் போயிடுச்சு," என்றாள் தங்கை. "அவரு ஒன்னுமே கேக்கல. மூஞ்சிதான் ஒரு மாதிரி இருந்துச்சு. நீ என்ன சொன்ன?"

"அன்னைக்கு நீ சொல்லியிருக்க வேண்டியதை."

"பிளீச்சிங்ல போட்டது நீதானே?"

"நான்தான். வீட்டுக்கு வந்து என் மூஞ்சியில துப்பியிருக்கலாம் நீ. அந்தாளுகிட்ட எதுக்குடி சொன்ன?"

"கேட்டாரு, வாயில வந்துடுச்சு. அதுக்கு இத்தனை நாளா சுவத்துகிட்ட பேசுவியா?"

"நான் வேணுமா?" என்றார் கஞ்சி, உள்ளிருந்து தலையை நீட்டி.

"வேண்டாம்," என்றார்கள் இருவரும்.

அவர் தலையை இழுத்துக்கொண்டார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"வண்டிய நிறுத்துடி. டீசல் வீணாப்போகுது."

"பேட்டரி ஏறட்டும். காலையிலேருந்து நிறுத்துடி, நிறுத்துடி. அந்த ஒரு வார்த்தைதான் தெரியுமா உனக்கு?"

"நிறைய தெரியும்," என்றாள் அக்கா, கவிழ்ந்து கிடந்த வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளி. "உக்காரு. சொல்றேன்."