மூன்று தட்டு என்றால் முன்பக்கம்

முதலாளியம்மா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி ஒன்றரை ஆகியும் அக்காவின் வண்டி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

வண்டி என்றால் முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய பிக்கப். பின்னால் நீளமான இரும்புத் தொட்டி. தொட்டிக்கு மேலே அலுமினியப் பட்டைகளைக் கோத்துச் செய்த மூடி. இழுத்தால் கடை ஷட்டர் மாதிரி தடதடவென்று பின்கதவு வரை வந்து பூட்டிக்கொள்ளும். தள்ளினால் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். இந்த மூடியை நம்பித்தான் அச்சகத்து முதலாளியம்மா தன் புத்தகக் கட்டுகளை அக்காவிடம் ஏற்றிவிட்டார். போன வாரத்து மழையில் மூன்று கட்டு நனைந்து, புத்தகமெல்லாம் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிவிட்டது.

"வெள்ளிக்கிழமை நானே வந்து தண்ணி ஊத்திப் பாப்பேன். ஒரு தாள் நனைஞ்சாலும் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நெனைக்காதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அச்சகத்து ஓட்டம் போனால் அக்காவுக்கு வேலை போகும். எனக்கு முன்சீட்டு போகும். கட்டுகளைச் சரிபார்த்து ஏற்றி இறக்க தினமும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் நான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வாசலைத் தாண்டுவதே அந்தச் சீட்டில் ஏறத்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு ஊரையே பார்க்கலாம், ஊர் நம்மிடம் ஒன்றும் கேட்காது. அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

"சிலிக்கான் பசை எத்தனை டியூப் தீந்துச்சு?" என்றாள் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஏழு" என்றார் அத்தான்.

"ஏழு தடவியும் ஒழுகுதே!"

"எட்டாவது வாங்கிட்டு வந்துடறேன்."

அத்தானுக்குக் குழாய் வேலை. தெருவில் முக்கால்வாசி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவைதான். சொட்டுகிற குழாயைப் பார்த்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவ எழுந்து போனவர், அரைமணி நேரம் கழித்து வாஷரை மாற்றிவிட்டு வருவார். அதற்குள் மற்றவர்கள் கிளம்பித் தயாராக நிற்பார்கள்.

அம்மா மாப்பிள்ளையை நேரடியாக ஒரு சொல் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்திடம் சொல்லுவாள். இப்போது வாளியைப் பார்த்து, "இந்த வீட்ல ஒழுகாம இருக்கறது நீ ஒருத்தன்தான்டா" என்றாள்.

அத்தான் வாளியை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்வது எனக்கு எப்போதுமே பெரிய வேலை. அக்காவின் முழங்கையைத் தொட்டேன்.

"உள்ள யாராவது படுத்துப் பாத்தா..."

"என்னடி முணுமுணு? தொண்டையைத் தொறந்து சொல்லு."

"உள்ள ஆள் இருந்தா, எங்கேர்ந்து வருதுன்னு தெரியும்ல."

மூன்று பேரும் வண்டித் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு குறைந்த உயரத்தில் நிம்மதியாகப் புரளக்கூடிய உடம்பு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

"பயந்தா கத்துவியா?" என்றாள் அக்கா.

"இவ கத்தி நாம என்னிக்குக் கேட்டிருக்கோம்?" என்றாள் அம்மா.

அதனால் தட்டுவது என்று முடிவாயிற்று. அத்தான் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார். ஒரு தட்டு என்றால் பின்கதவு. இரண்டு தட்டு என்றால் பக்கவாட்டு. மூன்று தட்டு என்றால் முன்பக்கம், சுருள் பெட்டி இருக்கும் இடம். நிறுத்தாமல் தட்டினால் தண்ணீரை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். சாவியை அக்கா கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அச்சகத்துக் கழிவுத் தாள்களைத் தரை முழுக்க விரித்து, நடுவில் நான் படுத்தேன். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் சாக்பீஸ், வாயில் டார்ச். மூடி தடதடவென்று என் முகத்துக்கு மேலே ஓடி வந்து, கால் பக்கத்தில் 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

இருட்டாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை! பின்கதவின் இரண்டு மூலையிலும் நூல் மாதிரி வெளிச்சம் நின்றது. வலப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. வெளிச்சம் நுழைகிற இடத்தில் தண்ணீர் நுழையாமல் என்ன செய்யும்? தண்ணீரே விடாமல் மூன்று ஓட்டை கிடைத்துவிட்டது. சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

"விடட்டுமாடி?" அக்காவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது.

ஓஸ் குழாய்த் தண்ணீர் மூடியில் விழுந்ததும் தலைக்கு மேலே ஆயிரம் பேர் ஓடுவது மாதிரி இருந்தது. பின்கதவு மூலையில் ஒரு சொட்டு உருண்டு, யோசித்து, விழுந்தது. பழுப்புத் தாளில் கருப்பாக ஒரு பொட்டு. ஒரு தட்டு தட்டினேன். வலப்பக்கம் சொட்டியது. இரண்டு தட்டு. தலைமாட்டில் சில்லென்றது. திரும்பினால் சுருள் பெட்டியின் விளிம்பில் பட்டையாக ஈரம். மூன்று தட்டு, மறுபடி மூன்று தட்டு!

வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்கதவு ரப்பரைப் பிடித்து இழுத்தால் காய்ந்த தோல் மாதிரி கையோடு வந்தது. அக்கா பாய்ந்து போய்ப் புது ரப்பர் வாங்கி வந்தாள். அத்தான் விளிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ரப்பரை ஒட்டத் தொடங்கினார். அக்கா ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காதே தாயே! இழுத்து ஒட்டினா நாளைக்கு அது பழைய நீளத்துக்குச் சுருங்கும், மூலையில மறுபடி வாயைப் பொளக்கும். அதுபாட்டுக்குப் படுக்கட்டும்."

மூலையில் அவர் ரப்பரை வெட்டவே இல்லை. வளைத்து அப்படியே கொண்டுபோனார். வலப்பக்கத்துப் புள்ளி ஒரு திருகாணி ஓட்டை. அதற்கு ஒரு வாஷர் போட்டார், அவ்வளவுதான். பெட்டியின் விளிம்பு நெடுக, ஈரத்திலும் ஒட்டுகிற, மாவு மாதிரி பிசைந்த குழாய்ப் பசையை உருட்டி அப்பினார்.

இரண்டாவது முறை உள்ளே போனேன். வெளிச்சம் எங்கேயும் இல்லை. மை இருட்டு. தண்ணீர் விழுந்தது. டார்ச் அடித்துப் பின்கதவைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது! வலப்பக்கம், காய்ந்து கிடந்தது! எனக்குச் சிரிப்பு வந்தது. படுத்தபடியே காலால் தரையை உதைத்தேன்.

"அது என்ன கணக்குடி? உதைக்கு அர்த்தம் வெச்சோமா?" என்று வெளியே அக்கா கத்தினாள்.

அப்போது தலைமாட்டில் என் பின்னல் நனைந்தது. மூன்று தட்டு.

அத்தான் இன்னும் பசை அப்பினார். மூன்றாவது முறை உள்ளே போனபோது முன்னைவிட அதிகமாக வந்தது. மணி மூன்று. தாள்கள் ஊறி என் முதுகில் ஒட்டிக்கொண்டன. "இந்தப் பெட்டியையே கழட்டிக் கடாசிடலாம்" என்று வெளியே அத்தான் சொல்வதும், "நாலு மணிக்கா?" என்று அக்கா கேட்பதும் காதில் விழுந்தன. அக்காவின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அக்கா குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

டார்ச்சைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோனேன். எந்த இடத்தில் இருந்து வருகிறது? ஓட்டை என்றால் ஒரு இடம் இருக்க வேண்டும். இது விளிம்பு முழுக்க ஒரே சீராக வழிந்தது. எங்கேயோ இதைப் பார்த்திருக்கிறேன். எங்கே? குழாயை மூட மறந்த வாளியில்! வாளியில் ஓட்டை இருக்காது. நிறைந்துபோய் வழியும்.

விரலைப் பெட்டிக்குள் விட்டேன். உள்ளங்கை மூழ்கியது. உள்ளே குளமே நின்றது. துழாவிக்கொண்டே போனால் மூலையில் ஒரு ரப்பர் குழாயின் வாய். மேலே விழுகிற தண்ணீரெல்லாம் மூடியின் இரண்டு ஓரத்துக் கால்வாய் வழியாக இந்தப் பெட்டிக்கு வந்து, அந்தக் குழாய் வழியாகத்தான் கீழே போக வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றது. அடுத்த மூலையிலும் ஒரு குழாய். அதிலும் அப்படித்தான்.

"ஓட்டை இல்ல! நெறஞ்சு வழியுது!"

யாரோ கத்தினார்கள். நான்தான். அந்தச் சத்தம் தகரத்தில் மோதி எனக்கே திரும்பி வந்தது. ஸ்பேனரால் விடாமல் தட்டினேன்.

மூடி திறந்தது. குதித்து, நேராக வண்டிக்கு அடியில் புகுந்தேன். முன்பக்கம், சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், ரப்பர் குழாயின் நுனி தொங்கியது. நுனியில் ஒரு சின்ன அடைப்பு மூடி. மூடிக்கு மேல் வெள்ளை டேப் அழகாகச் சுற்றி, அதற்கு மேல் ஒரு கிளிப்பு போட்டு இறுக்கியிருந்தது. என்ன நேர்த்தி! அந்தக் கைவேலையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருப்பதும் அதேதான்.

"அத்தான்" என்றேன் அடியில் இருந்தே.

அவரும் தவழ்ந்து வந்தார். பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல!

"அது... போன மாசம் சொட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

"என்னது சொட்டுச்சு?" அக்கா குனிந்தாள்.

"இந்தக் குழாய். வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். சொட்டு சொட்டுன்னு விழுது. சொட்டற குழாயைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா போறது?"

"ஒண்ணைத்தானே அடைச்சீங்க?"

"ரெண்டையும். அந்தப் பக்கமும் சொட்டுச்சு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வாளியைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீயும் ஒண்ணும் சொல்லாதே" என்றாள் அதனிடம். ஆனால் வாளி குலுங்கியது.

"ஒழுக்கை அடைக்கிற ஆளுன்னு உங்களைக் கட்டிக்கிட்டேன் பாருங்க!" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அத்தான் கிளிப்பைத் தளர்த்தினார். டேப்பை உருவினார். மூடியைத் திருகினார். ஒரு மாத மழையும் மூன்று ரவுண்டு ஓஸ் தண்ணீரும் ஒரே மூச்சில் அவர் மூஞ்சியில் பாய்ந்தன. நான் உருண்டு விலகிவிட்டேன். அவர் மூச்சுத் திணறிக்கொண்டே, "போகுது! போகுது!" என்று கத்தினார். அடுத்த பக்கத்துக்குத் தவழ்ந்து போய் அதையும் திறந்து, அதற்கும் முகத்தைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. மணி மூன்றே முக்கால். முதலாளியம்மா கையில் ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு இறங்கினார். வண்டிக்கு அடியில் இருந்து ஆறாக ஓடும் தண்ணீரைப் பார்த்தார். அதில் கிடக்கும் அத்தானைப் பார்த்தார்.

"நான் வந்திருக்கவே வேண்டாம் போல. இன்னமும் கொட்டுதே!"

அக்கா வாயைத் திறந்தாள். சிரித்து ஓய்ந்த மூச்சில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. முதலாளியம்மா ஆட்டோ பக்கம் திரும்பினார். என் சீட்டு, அதோ அந்த ஆட்டோவில் ஏறிப் போகப்போகிறது.

"அது ஒழுகல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஆட்டோக்காரர்கூட.

"அது தண்ணி வெளிய போற வழி. அடைஞ்சிருந்துச்சு. இப்பத்தான் தொறந்தோம். கீழ கொட்டினா உள்ள வராது. நீங்க... நீங்களே ஊத்திப் பாருங்க."

முதலாளியம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "உனக்குப் பேச வருமா? இத்தனை நாள் தலையை மட்டும்தானே ஆட்டுவே?" என்றார். பிறகு ஆட்டோவைப் போகச் சொன்னார்.

ஈரத் தாள்களை வாரிப்போட்டு, தரையை அழுந்தத் துடைத்தோம். அவர் கொண்டுவந்த வெள்ளைத் தாளை அவரே தொட்டி முழுக்கப் பரப்பினார். மூடியை இழுத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓஸைக் கையில் வாங்கினார். முதலில் கௌரவமாகத்தான் ஊற்றினார். போகப்போக ஒரு வேகம் வந்துவிட்டது. ஸ்டூல் கேட்டு ஏறி நின்று மூலைக்கு மூலை பீய்ச்சினார். பின்கதவுக்கு நேராக முழங்காலை மடக்கிக்கொண்டு அடித்தார்.

"இதுக்கு மழையே தேவலாம்" என்றார் அத்தான் மெதுவாக.

நான் வண்டிக்கு அடியில் காதை வைத்திருந்தேன். இரண்டு குழாயும் சலசலவென்று கொட்டின. கொட்டு, கொட்டு, நிற்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடம் ஆனது. சாவி திரும்பியது. மூடி பின்வாங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம். தாள் விரித்தபடியே கிடந்தது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை...

'பொட்'.

நடுவில் ஒரு ஈரப் பொட்டு. எங்கள் கண் முன்னாலேயே விரிந்தது.

"இது என்ன?" என்றார் முதலாளியம்மா.

'பொட்'. பக்கத்திலேயே இன்னொன்று. அம்மா மேலே வானத்தைப் பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது.

எனக்குத் தோளில் சில்லென்றது. "ஐயோ, இது என் பின்னல்!" என்று அதைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூன்று ரவுண்டு தண்ணீரில் ஊறிய பின்னல். முதலாளியம்மா அதை வாங்கி, துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு முறுக்கினார். அவர் கால்மேல் ஒழுகியது.

"வண்டி ஒழுகல. வண்டியோட வந்த பொண்ணுதான் ஒழுகுது" என்றார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும். "கட்டெல்லாம் அங்க தயாரா இருக்கு. இப்பவே வந்து ஏத்திக்கோங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள அத்தனையும் போய்ச் சேரணும். என்னையும் அப்படியே கூட்டிட்டுப் போயிடு, ஆட்டோவை அனுப்பிட்டேன்."

அக்கா துள்ளி ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். முதலாளியம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டார். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னலைப் பிழிந்தபடி நின்றேன்.

அத்தான் இன்னும் வண்டிக்கு அடியில் குனிந்திருந்தார். பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த டேப்பை நோக்கிப் போனது.

"டேய் வாளி" என்றாள் அம்மா, "அந்தக் கையை யாராச்சும் பிடிங்கடா."

அப்போது வண்டிக் கதவில் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே முதலாளியம்மா கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கா பக்கமாக நகர்ந்து, எனக்கு ஒரு சாண் இடம் விட்டிருந்தார்.

"மூணு தட்டியாச்சு. காதுலயும் தண்ணி பூந்துடுச்சா?" என்றாள் அக்கா.

நான் ஓடினேன்.