பீடத்தில் ஒரு ரத்தப் பை

ரத்த வங்கி டாக்டருக்கு ஒரே தம்பி. அவன் பாஸ்டர். வாரம் பிறந்தால் போன் வந்துவிடும். "அக்கா, இந்த வாரம் புதுசா என்ன வச்சிருக்க?" என்று காய்கறிக் கடையில் விசாரிப்பதுபோல விசாரிப்பான். அவளும் அலுக்காமல் சொல்வாள். உடைந்த எலும்பு எப்படிக் கூடுகிறது, வெட்டுப்பட்ட இடத்துக்கு உடம்பு எப்படி ஆள் அனுப்புகிறது என்று. ஞாயிற்றுக்கிழமை அது பிரசங்கமாகிவிடும். சபை வாய் பிளந்து கேட்கும். அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே ஸ்தோத்திரம் சொல்கிற ரகம் அவள்.

அந்த வாரம் சிவப்பணுவைப் பற்றிச் சொன்னாள். "முதிர்ந்து வர்றப்போ அது தன்னோட உட்கருவையே வெளிய தள்ளிடுதுடா. சுமை ஏத்த இடம் வேணும்ல? பிராணவாயுவைத் தூக்கிட்டு உடம்பெல்லாம் அலையுது. ஆனா தான் சுமக்கிறதுல கடுகளவுகூடத் தனக்குன்னு எடுத்துக்காது."

"அக்கா, எனக்குப் புல்லரிக்குது" என்றான். அடுத்த மூச்சிலேயே, "ஒரு ரத்தப் பை கிடைக்குமா? தூக்கிக் காட்டினா ஜனங்களுக்குப் பளிச்சுனு புரியும்."

"உதைபடுவ. அது என்ன விளையாட்டுச் சாமானா?"

"காலாவதியானது இருந்தாக்கூட?"

"அதுவும் கிடையாது."

அவன் சிரித்தான். அத்தோடு விட்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அன்று நன்றாகத்தான் பேசினான். தன்னை வெறுமையாக்கிக்கொண்டு பிறருக்காகச் சிலுவை சுமந்தவரையும் அந்தச் சின்னஞ்சிறு அணுவையும் அவன் இணைத்துச் சொன்னபோது அவளுக்கே கண் கலங்கியது. அப்போது அவன் குனிந்து, பீடத்துக்குக் கீழிருந்த தோள்பையிலிருந்து எதையோ எடுத்தான்.

"இதோ பாருங்க!"

சாயத் தண்ணீராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் ஒட்டுச்சீட்டு கண்ணில் பட்டது. அவளுடைய வங்கியின் சீட்டு. சோதனை முடிந்தது, நோயாளிக்கு ஏற்றலாம் என்று அவளே குத்திய முத்திரை. எழுந்து நின்றாள்.

"அது எப்படிடா உன் கைக்கு வந்துச்சு?"

அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். தம்பி மைக்கை மூடிக்கொண்டு, "அப்புறம் பேசலாம் அக்கா" என்றான்.

"இப்பவே பேசணும். எப்ப எடுத்த?"

"காலையில."

"காலையிலேருந்து இந்தத் தோள்பையிலயா வச்சிருக்க? அரை மணிக்கு மேல குளிர்ப்பெட்டிக்கு வெளிய இருந்தா அதை யாருக்கும் ஏத்த முடியாதுடா. ஒரு ஆளோட ரத்தத்தைக் குப்பையாக்கிட்டு நிக்கிற!"

பின்வரிசையில் தையல்காரர் எழுந்தார். ஊசி என்றாலே மயங்கி விழுகிற மனிதர். போன மாதம் இதே ஆலயத்தில் கட்டில் போட்டு ரத்ததான முகாம் நடத்தியபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியவர்.

"பாஸ்டர், அது நாங்க கொடுத்த ரத்தமா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"யாரோடதுன்னு ஒட்டுச்சீட்டுல இருக்கிற எண்ணைப் பார்த்தா எனக்குத் தெரியும். ஆனா சொல்லக் கூடாது" என்றாள்.

கூட்டம் சலசலத்தது. சிலர் பாஸ்டர்மேல் பாய்ந்தார்கள். ஆராதனை நடுவில் ஒரு பெண் இப்படிக் கத்தலாமா என்று சிலர் அவள்மேல் பாய்ந்தார்கள். அவள் யாரையும் சட்டை பண்ணாமல் பீடத்துக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். சில்லென்று இருக்கவேண்டியது வெதுவெதுவென்று இருந்தது.

தம்பியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "யார் கொடுத்தா?"

"உங்க வங்கி டெக்னீஷியன் அம்மா. நீ வாங்கிட்டு வரச் சொன்னதா சொன்னேன்."

அதுவரை வந்த கோபம் கோபமே இல்லை. அந்தம்மாள் ஒப்பந்த வேலையில் இருப்பவள். புருஷன் படுக்கையில். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னியா? அவங்க வேலை போயிடும்டா!"

"ஊழியத்துக்காகத்தானே அக்கா செஞ்சேன்? அதைப் பார்த்து நாலு பேர் மனந்திரும்பினா..." அவன் குரலைத் தாழ்த்தினான். "பை ஓட்டையாயிடுச்சுன்னு நீ எழுதிட்டா யாருக்கும் பிரச்சினை இல்லையே."

அவள் மேசையை ஓங்கி அறைந்த அறையில் காணிக்கைத் தட்டு கீழே விழுந்து உருண்டது.

"அடுத்தவங்க பாவத்தைச் சுமந்தவரைப் பத்தி இப்பதானே தொண்டை கிழியப் பேசின? உன் பாவத்தை அந்தம்மா சுமக்கணும், அதுக்கு நான் கையெழுத்துப் போடணும், இல்ல? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து கண்காணிப்பாளர்கிட்ட உன் வாயால சொல்லு. வரலேன்னா நானே சொல்லுவேன்."

வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிடவில்லை. "கூடப்பிறந்தவன்னுகூடப் பார்க்கலையே நீ" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தம்மாவும் யாருக்கோ கூடப்பிறந்தவதான்மா."

மறுநாள் அவன் வந்தான். கண்காணிப்பாளர் அறையில் டெக்னீஷியன் அம்மாள் அழுது வீங்கிய முகத்தோடு சுவரோரம் நின்றிருந்தாள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், மனுஷ உடம்புல ஒரு உறுப்பு தப்புப் பண்ணினா..."

"உதாரணம் வேண்டாம்" என்றாள் அக்கா. "நடந்ததைச் சொல்லு."

அவன் தலை கவிழ்ந்தது. "பொய் சொல்லி வாங்கினேன் சார். இவங்க மேல தப்பு இல்ல."

டாக்டரின் கோரிக்கைச் சீட்டு இல்லாமல் ரத்தம் கொடுத்ததற்காக அந்தம்மாளுக்கு எச்சரிக்கை, வேலை தப்பியது. வங்கிப் பொறுப்பில் இருப்பதால் டாக்டருக்கும் ஒரு எச்சரிக்கை. பாஸ்டர் இனி வார்டுகளுக்குள் ஜெபிக்க வரக்கூடாது என்றார் கண்காணிப்பாளர். அதுதான் அவனுக்கு வலித்தது.

வெளியே நடையில் அந்தம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாஸ்டர்னுதான் ஐயா நான் சீட்டுக் கேட்கல" என்றாள். விறுவிறுவென்று போய்விட்டாள். அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, இன்னும் கோபமா?"

"ஆமா."

"மன்னிக்க மாட்டியா?"

"மன்னிச்சுட்டேன். அதனாலதான் உன்கூட நின்னு பேசிட்டிருக்கேன். கோபம் அது பாட்டுக்கு இருக்கும். போறப்போ போகும்."

பக்கத்தில் ரத்த வங்கியில் போன் அடித்தது. அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து ரத்தம் கேட்டார்கள். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், எந்த ரத்தப் பிரிவு என்று கேட்டாள்.