பாறையேறியைப் பார்த்தவர்கள்

ரோஸ்லீனுக்கு நின்றுகொண்டே தூங்கத் தெரியும். பதினோரு வருடம் சரக்குக் கிடங்கில் இரவுப் பணி. பெல்ட்டில் ஓர் அட்டைப்பெட்டி வந்து அடுத்தது வருவதற்குள் நான்கு விநாடி கிடைக்கும். அந்த நான்கு விநாடியில் தூங்கி எழுந்துகொள்ளலாம், கண்ணை மூட வேண்டியதுகூட இல்லை. போன அக்டோபரில் ஒரு நாள், வேலை பாதியில் கிடக்க, மஞ்சள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தவள் திரும்பிப் போகவில்லை. உடம்பு மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க விழிப்பு. பிற்பகல் இரண்டு மணியானால் தண்ணீருக்குள் இறங்கினதுபோல் காது அடைத்து, உலகம் மெதுவாகிவிடும்.

கிடங்கிலிருந்து விடியலில் திரும்பும்போது கற்சமவெளியில் காரை நிறுத்திப் பார்த்துப் பார்த்தே அவள் பறவைகளைக் கற்றுக்கொண்டாள். அதை நம்பித்தான் ஃபிர்மேன் அவளை வேன் ஓட்ட வைத்துக்கொண்டான். பறவை பார்க்க வருகிறவர்களை ஒரு வாரம் மலையிலும் உப்பங்கழியிலும் சுற்றிக்காட்டுவது அவன் தொழில். ஜனவரியில் அவன் கணுக்கால் உடைந்தது.

"பிப்ரவரி வாரத்தை நீயே பார்த்துக்கோ," என்றான். "பாறையேறியைக் காட்டிட்டா ஏப்ரல், மே எல்லாம் உனக்குத்தான். காட்டலைன்னா அப்புறம் பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' ஆணியில் தொங்கும் மஞ்சள் மேலங்கிதான் என்று அவளுக்குத் தெரியும்.

பாறையேறி உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் குருவி. கோடையில் எட்டாத உயரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் அல்பீய் குன்றுகளின் வெள்ளைப் பாறைகளுக்கு இறங்கி வரும். செங்குத்துக் கல்லில் எலியைப்போல ஊர்ந்து ஏறும். இறக்கையை விரித்தால் உள்ளே கருஞ்சிவப்பு. மூடினால் மறுபடியும் கல். அந்த ஒரு விரிப்புக்காக ஆட்கள் நாட்டின் அடுத்த மூலையிலிருந்து வருகிறார்கள்.

இந்த முறை வந்தவர்கள் நான்கு பேர். மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற கிளோதில்து, வாய் ஓயாதவள். லீல் நகரத்து பெலிசியே தம்பதி. கணவன் கையில் எப்போதும் கேமரா, மனைவி வாயில் எப்போதும் திருத்தம். நான்காவது ஆன்செல்ம், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

புதன்கிழமை காற்றில்லை. பாறையடியில் ஒரு மணியிலிருந்து நின்றார்கள். கீழே வாதுமை மரங்கள் பூத்திருந்தன. யாரும் தொடாமலேயே இதழ்கள் உதிர்ந்தன. வெயில் பட்ட வெள்ளைக்கல்லைப் பார்க்கப் பார்க்க அது மூச்சுவிடுவதுபோல் இருந்தது. இரண்டரைக்கு ரோஸ்லீன் தண்ணீருக்குள் இறங்கினாள்.

பாறைமேல் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் மேலே ஏறின. ஒரு பெட்டியின் மூடி திறந்தது. உள்ளே சிவப்பு.

"அதோ," என்றாள்.

அவள் குரலே அவளை எழுப்பியது. கை நீண்டிருந்தது. நான்கு பைனாகுலர்களில் மூன்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

"எங்கே? எங்கே? ஆ, இருக்கு இருக்கு," என்றாள் கிளோதில்து. "கடவுளே, என்ன நிறம்."

"கருப்பு விரிசலுக்கு இடப்பக்கம்," என்றார் பெலிசியே.

"வலப்பக்கம்," என்றாள் அவர் மனைவி. "உங்களுக்கு எப்பவுமே எதிர்ப்பக்கம்தான்."

ரோஸ்லீன் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். கல். விரிசல். விரிசலில் ஒரு காட்டத்திச் செடி. வேறு எதுவும் இல்லை.

"உள்ளே போயிடுச்சு," என்றாள்.

அதற்கு முன் சொன்னதெல்லாம் தூக்கத்தில் சொன்னது. இந்த இரண்டு சொல்லை மட்டும் விழித்துக்கொண்டு சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் காளை இறைச்சிக் குழம்பும் சிவப்பரிசியும். தட்டுகளை எடுத்தபின் வாசிப்பு. தினமும் நடப்பது அது. வழிகாட்டி அன்றைய பறவைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க, ஒவ்வொருவரும் 'பார்த்தேன்' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். பார்த்தவர் பெயருக்கு நேரே பட்டியலில் ஒரு கோடு விழும். கடைசியில் வழிகாட்டியும் தனக்காகச் சொல்ல வேண்டும். வழிகாட்டியின் கோடு விழாத பறவையை வெளியே யாரும் மதிப்பதில்லை.

"பாறையேறி."

"பார்த்தேன்," என்றாள் கிளோதில்து. "வாயைத் திறந்த மாதிரி இறக்கையைத் திறந்துச்சு."

"ரெண்டு தடவை," என்றார் பெலிசியே.

"மூணு," என்றாள் மனைவி. "வெள்ளைப் புள்ளிகூட எண்ணினேன்."

"இல்லை," என்றார் ஆன்செல்ம்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கிளோதில்துதான் முதலில் சிரித்தாள். "பாவம், இவர் கண்ணுக்கு ரயில் மட்டும்தான் தெரியும்போல."

"ரயில் வந்தா வந்துச்சும்பேன் மதாம். வரலைன்னா கேட்டைத் திறந்து விட்டுடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லீன் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

"உன்னை எதுக்குக் கேக்கணும்?" என்றாள் கிளோதில்து. "விரலை நீட்டினதே நீதான். கோட்டைப் போடு பொண்ணே, பாலாடைக்கட்டி வருது."

கோட்டைப் போட்டாள். ஃபிர்மேனுக்குச் சேதி போனது, அவன் உடனே கூப்பிட்டான். எல்லாருக்கும் தெரியும்படி இணையத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஏப்ரல் உனக்கு என்றான், மே உனக்கு என்றான். கால் வலி போய்விட்டது என்றும் சொன்னான்.

வியாழக்கிழமை கமார்க் உப்பங்கழிக்கு இறங்கினார்கள். அங்கே தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பூநாரைகள் நூறு நூறாகக் கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் தலையை இடம் வலமாகத் திருப்பி நடந்தன. ஜோடி சேரும் பருவம். ஒன்று இறக்கையை விரித்தால் வரிசை முழுக்க விரிந்தது. காலடியில் தெரிந்த நிழலும் விரிந்தது. தூரத்தில் வெள்ளைக் குதிரைகள் முழங்கால் நீரில் நின்றன, அசைந்தால் நிறம் கலைந்துவிடும் என்பதைப்போல.

கரைமேட்டில் ஆன்செல்ம் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து நான் பாறையைப் பார்க்கலை," என்றார். "உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் பைனாகுலரை இறக்கினாள்.

"முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் கேபின். பாதி ராத்திரி வேலை. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறவனை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தூங்கினேன்."

"சொல்லிடப் போறீங்களா, முசியே?"

"நான் எதுக்கு? கண்ணு உன்னோடது."

அவ்வளவுதான். தொலைநோக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளைப் பயமுறுத்தியது அவர் அல்ல. பறவை அவள் நினைவில் வளர்ந்துகொண்டே வந்ததுதான். முதல் நாள் வெறும் சிவப்பு. வியாழக்கிழமை அதற்கு வளைந்த மெல்லிய அலகு வந்தது. வெள்ளிக்கிழமை காலைக்குள் நகம் வந்தது, நகம் கல்லைப் பற்றும் மெல்லிய சுரண்டல் சத்தம்கூட வந்தது. கிளோதில்து ஒவ்வொரு சாப்பாட்டிலும் கொஞ்சம் சேர்த்தாள். பெலிசியே தம்பதி கொஞ்சம் சேர்த்தார்கள். ரோஸ்லீன் எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். பூநாரைகளின் இளஞ்சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றால், ஒருவேளை நிஜமாகவே பார்த்தோமோ என்று தோன்றியது. இன்னும் இரண்டு நாள் போனால் சத்தியம் செய்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெலிசியே போனைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க. காலையிலேர்ந்து பாறையடியில பதினோரு பேராம். ரெண்டு பேர் பார்த்துட்டாங்களாம். அதே விரிசல்."

"இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்றாள் மனைவி.

"அதைப் போடலை."

அப்படியானால் அது அங்கே இருந்திருக்கிறது. அல்லது அந்த இரண்டு பேரும் அவள் நீட்டிய விரலைப் பார்த்திருக்கிறார்கள். எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. காரை எடுத்துக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். அவளுடைய நான்கு விநாடியைப் பார்க்க வந்தவர்கள்.

சனிக்கிழமை மதியம் அவிஞோனில் ரயில். போகும் வழியில் பாறையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள் கிளோதில்து. போனார்கள். வடக்குக் காற்று கிளம்பியிருந்தது. சாலையோரம் முழுக்க கார். இருபது பேருக்கு மேல், குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தை மடக்கி அதே விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில்கூட இவ்வளவு அமைதி இருக்காது.

குளிரில் மூக்கு சிவந்த ஓர் ஆள் ரோஸ்லீனிடம் வந்தான். "நீங்கதானே முதல்ல பார்த்தவங்க? நான் லிமோஜ்லேர்ந்து வரேன். ஆறு மணி நேர ஓட்டம். ஏழு குளிர்காலமா இதைத் தேடறேன். சரியா எந்த இடம்னு மட்டும் காட்டிடுங்க."

அவள் கை தானாக மேலே எழுந்தது. பாதியில் அதை இறக்கினாள்.

"நான் பார்க்கலை," என்றாள். "அன்னிக்கு நான் தூங்கிட்டேன். கனவுல 'அதோ'ன்னு சொல்லிட்டேன். அங்க எதுவும் இல்லை."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். லிமோஜ்காரன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சிரித்தான். சுற்றிலும் சிரித்தார்கள்.

"கூட்டம் சேர்ந்துடுச்சேன்னு எங்களைத் துரத்தப் பார்க்கறாங்க," என்றான் ஒருவன். "எல்லா வழிகாட்டிக்கும் இதே புத்தி. நல்ல இடம் கிடைச்சா அடைகாப்பாங்க."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"சரி சரி. நாங்க சத்தம் போட மாட்டோம், விடுங்க."

கிளோதில்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பேச்சு இது? அப்ப நான் பார்த்தது என்ன?"

"தெரியலை மதாம்."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ஆன்செல்ம் சாலைக்கு எதிர்ப்புறமிருந்து, கால்சட்டைப் பொத்தானை மாட்டியபடி வந்தார். அங்கே கைவிட்ட பழைய கல்குவாரி.

"ஒதுங்கப் போனேன்," என்றார் ரோஸ்லீனிடம் மெதுவாக. "பார்த்தேன்."

"எதை?"

"வந்து பாரு. நான் விரலை நீட்ட மாட்டேன். நீயே கண்டுபிடி."

குவாரிச் சுவர் காற்றுக்கு மறைவாக இருந்தது. அறுத்த கல்லின் அடுக்குகள், பாசி, துருப்பிடித்த ஒரு வாளி. கீழிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள், பெல்ட்டில் பெட்டி பார்ப்பதைப்போல. மூன்று ஆள் உயரத்தில் ஒரு கல் இடம் மாறியது. நின்றது. மறுபடி மாறியது. இறக்கை ஒரு முறை திறந்து மூடியது. தீக்குச்சி உரசி அணைந்த அளவு சிவப்பு.

அவள் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. அழுக்குச் சாம்பல். அந்தக் கனவுப் பறவையைவிட அழகும் குறைவுதான். ஆனால் இது தானாக நகர்ந்தது. அவள் அடுத்து எதிர்பார்த்த பக்கம் போகாமல் வேறு பக்கம் போனது.

சாலை ஓரத்துக்கு ஓடிவந்து குரல் கொடுத்தாள். "இந்தப் பக்கம் இருக்கு. குவாரியில. வாங்க."

யாரும் பைனாகுலரை இறக்கவில்லை. லிமோஜ்காரன் மட்டும் தலையைத் திருப்பினான். "முதல்ல தூங்கிட்டேன்னீங்க. இப்ப குவாரிக்கு அனுப்பறீங்க. அடுத்து என்ன, கடலுக்கா?"

மதாம் பெலிசியே மட்டும் சாலையைக் கடக்கத் தொடங்கினாள். பாதி வந்திருப்பாள். பின்னால் கூட்டத்தில் யாரோ "அதோ" என்றார்கள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

ரயில் நிலைய வாசலில், வேனுக்குள் கடைசி வாசிப்பு. பாறையேறி வந்தபோது ரோஸ்லீன் புதன்கிழமைக் கட்டத்தில் தன் கோட்டை அடித்து நீக்கினாள். சனிக்கிழமையில் ஒன்று போட்டாள். பக்கத்தில் ஆன்செல்முக்கும் ஒன்று.

"என் பறவையை அழிச்சிட்டே," என்றாள் கிளோதில்து.

"உங்க கோட்டைத் தொடலை மதாம். என்னோடதை மட்டும்தான் அடிச்சேன்."

"உன் கோடு இல்லாம என் கோட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? யார் நம்புவா?"

கிளோதில்து கன்னத்தில் முத்தம் வைக்காமல் இறங்கிப்போனாள். பெலிசியே தம்பதி கை குலுக்கினார்கள், அதுவும் விரல் நுனியால். ஆன்செல்ம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"ரெண்டு மணி ஆகப்போகுது," என்றார். "ஓரமா நிறுத்திட்டுப் படு. படுத்துத் தூங்கு."

அவர் போனபின் அங்கிருந்தே ஃபிர்மேனைக் கூப்பிட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"சரி, சனிக்கிழமை பார்த்தாச்சுல்ல? அப்புறம் புதனை எதுக்கு நோண்டறே? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"புதன்கிழமை நான் தூங்கிட்டேன். அப்படியே போடுங்க."

"என் பேருக்குக் கீழ, வழிகாட்டி தூங்கிட்டாங்கன்னு போடணுமா?"

"ஆமா."

"போட்டுடறேன்," என்றான். "ஏப்ரலுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன் ரோஸ்லீன். வேனை என் வாசல்ல விட்டுட்டு, சாவியைத் தபால் பெட்டியில போட்டுடு. இன்னிக்கே."

ஃபிர்மேன் வீட்டுக்குப் போகும் வழி பாறையைத் தாண்டித்தான். குவாரி வாயில் காற்றுப்படாத இடமாகப் பார்த்து வேனை நிறுத்தினாள். சுவரில் எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். பின் இருக்கையில் ஏறி, காலணியைக் கழற்றி, கால் நீட்டிப் படுத்தாள். திங்கட்கிழமை கிடங்குக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும். அது திங்கட்கிழமை. முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு, தெரிந்தே கண்ணை மூடினாள். தண்ணீர் மெல்ல ஏறி வந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ "அதோ" என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.